கொழுந்தின் நிறையும் குழந்தையின் நிறையும்



நுவரெலியா, அட்டன் மலைச்சரிவுகளிலே பறிக்கப்படும் கொழுந்து கிலோக் கணக்கிலே நிறுக்கப்படுகின்றது. நிறை குறைந்தால் அரைப் பேர்தான். ஆனால், அக்கொழுந்தைச் சுமக்கும் தாயின் வயிற்றிலே வளரும் சிசுவின் நிறையைக் கேட்பார் யார்?

பிறக்கும்போது 2.5 கிலோவுக்குக் குறைந்திருப்பது நிறைகுறைந்த குழந்தை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அத்தகைய குழந்தை நோய்க்கு எளிதில் இரையாகின்றது, வளர்ச்சியும் குன்றுகின்றது. 2016 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இலங்கையிலே ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் ஏறக்குறைய 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் பெறாதவர்கள். தோட்டங்களிலோ 32 சதவீதத்தினர். இதனைத் தலைவிதி என்று கூற நாம் ஒருப்படோம்.

காரணங்கள் மறைவானவையல்ல. சிறுவயதிலே அரைவயிறு உண்டு வளர்ந்த தாயின் மெலிந்த உடல், இரத்தச்சோகை, இளவயதுக் கர்ப்பம், இடைவெளியற்ற பேறு, லயத்து அடுப்புப் புகை, வெற்றிலையோடு மெல்லும் புகையிலை, ஓய்வற்ற உழைப்பு ஆகியனவே அவை. உணவு உண்டவுடன் தேநீர் பருகின் இரும்புச்சத்து உடலிற் சேர்வது குறையும். இரும்பு வில்லையைத் தேநீரோடு விழுங்கலாகாது. தாய்க்கென வழங்கப்படும் திரிபோஷாவைத் தாயே உண்ணல் வேண்டும்.

இவை வீட்டார் செய்யக்கூடியவை. சட்டம் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் சட்டம், மூன்றாவது பிள்ளை முதலாக 42 நாள் விடுமுறையே அளித்துவந்தது. 2018 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே எல்லாப் பேறுகளுக்கும் 84 நாட்கள் கிடைத்தன. ஆயினும் அவற்றுள் பிரசவத்துக்கு முந்தியவை 14 நாட்களே. சிசு தன் நிறையிற் பெரும்பகுதியைப் பெறுவதோ கடைசி மூன்று மாதங்களில்!

அதே சட்டம், பிரசவத்துக்கு முந்திய மூன்று மாதங்களில் தாய்க்கோ சிசுவுக்கோ ஊறு விளைக்கும் வேலையில் கர்ப்பிணியை அமர்த்தலாகாது என்றும் விதிக்கின்றது. செங்குத்தான மலையிலே கூடை சுமப்பது ஊறு அன்றெனின், வேறெது ஊறு? அந்த மூன்று மாதங்களும் இலகுவான வேலையும் முழுப் பேரும் வேண்டும். இதுவே நமது கோரிக்கை.

சட்டத்தரணிகள் இவ்விதியை எடுத்து வாதாடுக. வைத்தியர்கள் இலகு வேலைக்குச் சான்றிதழ் எழுதித் தருக. மரக்கறி விளைவிக்கும் விவசாயப் பெருமக்களே! உங்கள் காணிகளிலும் கர்ப்பிணிகளை மருந்து தெளிக்கவோ மூட்டை தூக்கவோ விடாதீர். தோட்ட நிர்வாகங்களிடம் நாம் கேட்கும் நீதியை நமது காணிகளிலே முதலில் வழங்குவோமாக!