புழு தாங்கும் பருத்தி களை மருந்தைத் தாங்குமா?



நம்ம திருப்பத்தூர் மாவட்டத்தில் பருத்திக் கொல்லைப் பக்கம் போனால் அடிக்கடி ஒரு கேள்வி வரும். “பி.டி. விதைதானே போட்டிருக்கேன்? புழுவையே தாங்குது, களை மருந்தைத் தாங்காதா?” இதற்கு ஒரே பதில்தான்: தாங்காது.

காரணத்தைச் சொல்றேன், கேளுங்க. பி.டி. பருத்தி நம் நாட்டில் 2002-இல் அனுமதி பெற்றது. அதில் சேர்த்திருக்கும் மரபணு ஒரு புரதத்தை உண்டாக்கும். காய்ப்புழு அதைத் தின்றால் குடல் கெட்டுச் சாகும். அந்தப் புரதத்தின் வேலை அவ்வளவுதான். களைக்கொல்லிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த விஷயத்தில் பி.டி. செடியும் சாதாரணச் செடியும் ஒன்றுதான்.

அளவு மீறினால் வேரும் அடிபடலாம். செடியின் செல்களில் எப்போதும் கொஞ்சம் ‘முரட்டு ஆக்சிஜன்’ உண்டாகும். அதை அடக்க கேட்டலேஸ், பெராக்சிடேஸ் போன்ற நொதிகள் செடியிலேயே இருக்கின்றன. களைக்கொல்லி அதிகமானால் முரட்டு ஆக்சிஜன் பெருகி, நொதிகளால் ஈடுகொடுக்க முடியாமல் போகும். செல்லின் மேல்சவ்வு அரிக்கப்படும். இதைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறார்கள். மேலே இலை பச்சையாகவே இருக்கலாம். செடியைப் பிடுங்கிப் பார்த்தால்தான் தெரியும்: வேர் பழுத்து, நுனி தடித்து, பக்கவேர் இல்லாமல் நிற்கும்.

பாலாற்றுக் கரையில் தோல் கழிவால் உப்பேறிய நிலம் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்கணும். உப்பும் வேருக்கு இதே அழுத்தத்தைத்தான் கொடுக்கும். இரண்டும் சேர்ந்தால் இரட்டை அடி. விதைக்கும் முன்பே மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்க.

தப்பு எங்கே நடக்குது தெரியுமா? கணக்கில். பரிந்துரை பெரும்பாலும் ஹெக்டேருக்குத்தான் இருக்கும். ஒரு ஹெக்டேர் என்பது ஏறக்குறைய 2.5 ஏக்கர். அந்த அளவை அப்படியே ஒரு ஏக்கருக்கு ஊற்றினால் இரண்டரை மடங்கு ஆகிவிடும். பெண்டிமெத்தலின் 30 ஈ.சி. பருத்திக்கு ஹெக்டேருக்கு 3.3 லிட்டர் என்றால், ஏக்கருக்கு 1.3 லிட்டர்தான். அதையும் விதைத்த மூன்றாம் நாள், களை முளைக்கும் முன்பே, மண் ஈரமாக இருக்கும்போது தெளிக்கணும்.

இன்னொன்று, நெல்லுக்கு 2,4-டி அடித்த டேங்கைச் சரியாகக் கழுவாமல் பருத்திக்குக் கொண்டு போகாதீங்க. அந்த மிச்சமே இலையை வெண்டை இலை மாதிரி மாற்றிவிடும். முடிந்தால் களை மருந்துக்குத் தனி ஸ்பிரேயர் வையுங்க.

“களை மருந்தும் தாங்கும் பருத்தி” என்று யாராவது ரகசியமாக விதை கொடுத்தால் வாங்காதீங்க. அப்படிப்பட்ட விதைக்கு இந்தியாவில் அனுமதி இல்லை. பில்லும் கிடைக்காது, பயிர் போனால் யாரிடமும் கேட்கவும் முடியாது.

சரி, சந்தேகம் வந்தால்? உங்கள் கையில் இருக்கிற போனே போதும். ‘உழவன்’ செயலியில் உங்கள் ஊருக்கு உதவி வேளாண்மை அலுவலர் வரும் நாளைப் பாருங்க. மருந்து டப்பாவின் லேபிளையும், பிடுங்கிய வேரையும் போட்டோ எடுத்து அவரிடம் காட்டுங்க. கிசான் அழைப்பு மையம் 1800 180 1551, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

மருந்து ஊற்றும் முன்பு ஒரு போன் போடுங்க. கருகின வேருக்கு அப்புறம் மருந்து கிடையாது.