தறிச் சத்தமும் மெயில் சத்தமும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் காலையில் நடந்தால் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓட வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. கவனம் சிதறினால் கரை பிசகிவிடும்.

அதே வீட்டில் பிள்ளைகள் கம்ப்யூட்டர் முன்னால். அலுவலகப் பேச்செல்லாம் ஸ்லாக் மாதிரியான குழு அரட்டைச் செயலியில். அங்கே வந்த செய்தியே மறுபடி மெயிலிலும் வந்து நிற்கிறது. ஏன்? நீங்கள் செயலிப் பக்கம் வராவிட்டால், ஆள் இல்லை என்று அது முடிவுகட்டிவிடும். உங்கள் பெயரைக் குறிப்பிட்டோ நேரடியாகவோ யாராவது எழுதினால், வீடு பூட்டியிருக்கிறதே என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகிற மாதிரி மெயிலில் சொல்லிவிடும்.

கோபத்தில் அந்த மெயிலை ஸ்பேமில் தள்ளாதீர்கள். பாஸ்வேர்டு மாற்றும் கடிதமும் கூடவே போய்விடலாம். செயலியின் செட்டிங்ஸில் 'நோட்டிபிகேஷன்ஸ்' பகுதிக்குப் போய் மெயிலை அடியோடு நிறுத்தலாம். மனசு வரவில்லையா? 15 நிமிடத்துக்கு ஒருமுறை, அல்லது மணிக்கு ஒருமுறை மொத்தமாக வரவைக்கலாம். சும்மா அரட்டை ஓடும் சேனலை மியூட் செய்துவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

எங்கள் ஊர்ப் பெருமாள் அத்தி வரதர் 40 ஆண்டுக்கு ஒருமுறைதான் கோயில் குளத்தைவிட்டு வெளியே வருவார். கடைசியாக வந்தது 2019இல். மெயிலிடம் அவ்வளவு பொறுமையை யார் கேட்டார்கள்? மணிக்கு ஒருமுறை வந்தால் போதும்.