டாப் கன்: பார்த்ததும் பாராததும்

(நம் சங்கத்தின் திரையிடல் மாலையில், படம் முடிந்த பின் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'டாப் கன்' படத்தை இப்போதுதான் பார்த்து முடித்தீர்கள. முன்வரிசைப் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேராவது போர் விமானி ஆவதென்று முடிவு செய்திருப்பார்கள். அதில் தவறில்லை. ஆனால் இந்தப் படம் அந்த ஆசையை எப்படி உண்டாக்குகிறது என்று பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது.

டோனி ஸ்காட் இயக்கிய இந்தப் படம் 1986 மே மாதம் வெளிவந்தது. அந்த ஆண்டு வெளியான படங்களில் அமெரிக்காவில் மிக அதிகம் வசூலித்தது இதுதான். டாம் க்ரூஸ் அணிந்த கறுப்புக் கண்ணாடியும் தோல் ஜாக்கெட்டும் இளைஞர்களிடையே பரவின. 'டேக் மை பிரெத் அவே' பாடல் ஆஸ்கர் விருது பெற்றது. சில தியேட்டர்களில் கடற்படையினர் ஆள்சேர்ப்பு மேசையே போட்டு உட்கார்ந்தார்கள். வியட்நாம் போருக்குப் பின் மங்கியிருந்த ராணுவத்தின் மதிப்பைத் தூக்கி நிறுத்தியதில் இந்தப் படத்துக்கும் பங்கு உண்டு.

எஃப்-14 விமானங்களையும் விமானம் தாங்கிக் கப்பலையும் படப்பிடிப்புக்குத் தந்தது அமெரிக்கக் கடற்படை. சும்மா தரவில்லை. திரைக்கதையைப் படித்துப் பார்த்து, மாற்றங்கள் கேட்டது. நாயகனின் காதலி முதலில் கடற்படையிலேயே பணிபுரிபவளாக இருந்தாள்; பிறகு வெளியிலிருந்து வரும் நிபுணராக மாற்றப்பட்டாள். நண்பன் கூஸ் சாகும் விதமும் மாறியது. எதிரி எந்த நாடு என்று படம் கடைசி வரை சொல்லவில்லை. 'மிக்-28' என்று ஒரு போர் விமானம் அன்று உலகில் இல்லை. நீங்கள் பார்த்தவை கறுப்பு வண்ணம் பூசிய அமெரிக்க எஃப்-5 விமானங்கள்.

உண்மையான டாப் கன் பள்ளியின் கதை இதைவிடச் சுவையானது. வியட்நாம் வானில் ஏவிய ஏவுகணைகளில் பெரும்பாலானவை குறி தவறின. ஏவுகணை வந்துவிட்டது, இனி நெருங்கிச் சண்டையிட வேண்டியிருக்காது என்று நினைத்து, அந்தப் பயிற்சியையே குறைத்திருந்தார்கள். 1968இல் கேப்டன் ஃபிராங்க் ஆல்ட் தலைமையில் நடந்த ஆய்வு குறைகளைப் பட்டியலிட்டது. அதன் விளைவாக 1969இல் கலிபோர்னியாவின் மிராமரில் இந்தப் பள்ளி பிறந்தது.

அங்கே முதலிடக் கோப்பை எதுவும் கிடையாது. பறந்து இறங்கியதும் உட்கார்ந்து, எங்கே தவறினோம் என்று ஒவ்வொரு நகர்வாகப் பேசுவார்கள். பயிற்சியின் உயிர்நாடியே அதுதான். சொன்னதைக் கேட்காத நாயகனைப் போன்றவர் அங்கே நிலைப்பது கடினம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். படத்தின் வான்காட்சிகளை எடுக்கப் பறந்த சாகச விமானி ஆர்ட் ஷோல், 1985 செப்டம்பரில் விமானத்தோடு பசிபிக் கடலில் விழுந்து இறந்தார். படம் அவருக்கே அர்ப்பணிக்கப்பட்டது. அந்த வரி திரையில் வருவதற்குள் நம்மில் பாதிப் பேர் எழுந்து செருப்பைத் தேடியிருப்போம்.

2022இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஒரு பெண்ணும் போர் விமானியாக வருகிறாள். முதல் படம் வந்தபோது அமெரிக்காவில் பெண்கள் போர் விமானங்களில் சண்டைக்குப் போக அனுமதியே இல்லை. 1993இல்தான் அந்தத் தடை நீங்கியது. படங்கள் காலத்தை மாற்றுகின்றன. காலமும் படங்களை மாற்றுகிறது.

எனவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையிடம், "இதெல்லாம் வெறும் சினிமா" என்று சொல்லி ஆசையைக் கிள்ளிவிடாதீர்கள். "உனக்குப் பிடித்தது அந்த வேகமா, அந்த உடையா, இல்லை அந்த வேலையா?" என்று கேளுங்கள். வேலைதான் என்றால், தினமும் தன் தவறைப் பிறர் முன்னால் கேட்டுக்கொள்ளும் மனம் வேண்டும் என்பதையும், அந்த வேலையில் உயிர் போகலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகும் ஆசை நிலைத்தால், அந்தப் பிள்ளைக்குத் துணை நில்லுங்கள்.