தொட்டறிந்த உண்மை



இவ்வெள்ளி விழாவில் நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. ஒரு ரப்பர் பட்டை. அகலமான பட்டையொன்றை விரைந்து இழுத்து உடனே உதட்டில் வைத்துப் பாருங்கள்; இளஞ்சூடு தெரியும். இழுத்தபடியே சற்றுப் பொறுத்து, பின் சட்டெனத் தளர்த்தி மீண்டும் உதட்டில் வையுங்கள்; குளிர்ச்சி தெரியும்.

இதனை 1805-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தவர், இங்கிலாந்தின் கெண்டல் நகரில் வாழ்ந்த ஜான் காஃப். குழந்தைப் பருவத்திலேயே பெரியம்மையால் பார்வை இழந்தவர் அவர். அணுக்கொள்கை தந்த ஜான் டால்டன் இளமையில் அவரிடம் பயின்றவரே. எடை தாங்கி நீண்டிருக்கும் ரப்பரைச் சூடாக்கினால் அது சுருங்கி எடையை உயர்த்தும் என்பதையும் காஃப் கண்டார். இரும்புக் கம்பியோ சூட்டில் நீளும். 1859-இல் ஜூல் இவற்றை அளந்து உறுதி செய்தார்.

காரணம் 1930-களில்தான் தெளிவாயிற்று. வெர்னர் கூன், யூஜின் குத், ஹெர்மன் மார்க் முதலியோர் ரப்பரை நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளின் வலையாகக் கொண்டு கணக்கிட்டனர். கைகோத்து விளையாடும் சிறுவர் வரிசையை எண்ணிப் பாருங்கள். அவர்கள் துள்ளத் துள்ள வரிசை வளைந்து நெளியும். இரு முனைகளும் உள்நோக்கி இழுக்கப்படும். வெப்பம் மிகுந்தால் துள்ளலும் மிகும், இழுப்பும் மிகும். நீளத்தை மாற்றாமல் 300 கெல்வினிலிருந்து 330 கெல்வினுக்குச் சூடாக்கினால், இழுவிசை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு உயரும் என்பது அக்கணக்கு. ஆயினும், பலமடங்கு இழுத்துச் சங்கிலிகள் நேராகிவிடும்போது இந்த எளிய கணக்குப் பொருந்துவதில்லை. அப்போது திருத்த வேண்டியது கணக்கைத்தான். கை கண்ட உண்மையை அன்று.

இளைஞர்களே! குடத்தையும் ஏட்டையும் தொடாதே என்று நம் முன்னோர் தடுக்கப்பட்டனர். அறிவியலோ தொட்டுப் பார் என்கிறது. கண்ணில்லாத ஒருவர் உதட்டால் தொட்டறிந்ததை மறுக்க எவராலும் இயலவில்லை. ஆகவே, ஆய்வுக்கூடத்தில் பின்வரிசையில் நின்று பிறர் செய்வதைக் குறித்துக்கொண்டு திரும்பாதீர்கள். கருவியைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் கையாலேயே செய்யுங்கள். கண்டதை அஞ்சாமல் எழுதுங்கள்.