மேலே கோட்டை, கீழே ஊர்



பேச்சைக் காஸ்திக்கிளியோனேயில் தொடங்குகிறேன். பெயரைக் கேட்டதும் சிலர் முகத்தில் புன்னகை தெரிகிறது. வீரமாமுனிவர் 1680இல் பிறந்த ஊர் அது. கோடிட்ட இடத்தை நிரப்ப நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த பெயர். அது எப்படிப்பட்ட ஊர் என்று எந்த வகுப்பிலும் யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. ஆசிரியராகிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் நிலப்படத்தில் தேடினேன். வட இத்தாலியில் கார்தா ஏரிக்குத் தெற்கே, பனியூழியில் பனியாறுகள் தள்ளிக்கொண்டு வந்து கொட்டிய மண்ணும் கல்லும் சேர்ந்து உருவான குன்றுகளின் சரிவில் இருக்கிறது. மேட்டில் கொன்சாகா குடும்பத்தாரின் கோட்டை இருந்த இடம், கீழே தேவாலயமும் தெருக்களும். 1859 ஜூனில் பக்கத்துச் சோல்ஃபெரினோவில் பெரும்போர் நடந்தது. அடிபட்ட வீரர்கள் ஆயிரக்கணக்கில் இந்தச் சிற்றூருக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். எந்தப் படையைச் சேர்ந்தவன் என்று பார்க்காமல் ஊர்ப் பெண்கள் தண்ணீர் கொடுத்தார்கள், காயம் கட்டினார்கள். அங்கே கூட இருந்து பார்த்த ஹென்றி துனாந்த் எழுதிய புத்தகத்திலிருந்துதான் செஞ்சிலுவைச் சங்கம் பிறந்தது.

அந்தப் போரின் வரலாற்றில் தண்ணீர் கொடுத்த பெண்களுக்கும் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. திண்டுக்கல்லுக்கு நாம் இதுவரை செய்யாத வேலை இது.

இத்தாலியில் மலை மேல் ஊர்கள் நிறைய உண்டு. சமவெளியில் படையெடுப்பும் மலேரியாக் காய்ச்சலும். ஆகவே வீடு மேலே, வயல் கீழே என்று பல இடங்களில் மக்கள் குடியேறினார்கள். நம் ஊரிலும் மலை இருக்கிறது. ரயிலில் வருகிறவனுக்கு ஊருக்கு முன்னால் மலைதான் கண்ணில் படும். திண்டு போட்டதுபோல் ஒரே பாறை. பெயருக்கு ஊரார் சொல்லும் காரணமும் அதுவே. ஆனால் மேலே ஒரு குடும்பமும் குடியிருக்கவில்லை. அரசன் மேலே போனான், படை போனது, பீரங்கி போனது. ஊர் மட்டும் அடிவாரத்தை விட்டு ஏறவே இல்லை.

ஏன்? தண்ணீர்தான் காரணம் என்பது என் கணிப்பு. ஒர்வியேத்தோ என்ற இத்தாலிய ஊரும் பாறை மேல்தான் இருக்கிறது. 1527இல் ரோம் சூறையாடப்பட்டபோது ஏழாம் கிளெமென்ட் போப் அங்கே அடைக்கலம் புகுந்தார். முற்றுகை வந்தால் தண்ணீருக்கு என்ன செய்வது என்ற பயத்தில் ஒரு கிணறு வெட்டச் சொன்னார். 53 மீட்டர் ஆழம். இறங்கும் கழுதையும் ஏறும் கழுதையும் எதிரெதிரே முட்டிக்கொள்ளாதபடி ஒன்றை ஒன்று சுற்றி வரும் இரண்டு படிவழிகள், ஒவ்வொன்றிலும் 248 படிகள். எரிமலைச் சாம்பல் இறுகிய மெத்தென்ற கல் அது, வெட்டினால் இடம் கொடுக்கும். நம் பாறை இடம் கொடுக்காது. மழைநீர் தேங்கும் சுனைகளை நம்பித்தான் மேலே பிழைக்க வேண்டும். ஒரு படைக்கு அது போதலாம். பிள்ளைகுட்டியும் ஆடுமாடும் உள்ள ஊருக்குப் போதாது.

சரி, இவ்வளவு சிரமமான பாறையில் கோட்டை எதற்கு? அதற்கும் நிலம்தான் பதில் சொல்கிறது. கிழக்கே சிறுமலை, மேற்கே பழனிமலையின் கீழ்ச்சரிவுகள். நடுவில் உள்ள வாசலில் நாம் இருக்கிறோம். மதுரையிலிருந்து கொங்குக்கும் கருவூருக்கும் போகிறவன் இந்த வாசலைக் கடந்தாக வேண்டும். அதே கீழ்ப்பழனி மலையில் பிறக்கும் குடகனாறு வடக்கே ஓடி அமராவதியோடு காவிரிக்குப் போகிறது. மருதாநதியின் தண்ணீர் தெற்கே வைகைக்குப் போகிறது. இரண்டு நதி நாடுகளின் வரப்பில் நம் ஊர். தெற்கே போனால் கண்மாய் என்பார்கள், வடமேற்கே போனால் குளம் என்பார்கள். சொல்லுக்குக்கூட இங்கேதான் எல்லை.

அந்த வாசலைக் காக்கத்தான் 1605இல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கோட்டை எழுப்பினார். திருமலை நாயக்கர் பலப்படுத்தினார். மைசூர் கைக்கு வந்தபின் 1755இல் ஹைதர் அலி இங்கே பௌஜ்தாராக அமர்ந்து, பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு படைக்கலச் சாலை அமைத்தார். பின்னாளில் மைசூரை ஆண்ட மனிதர் ஆளப் பழகியது இந்தப் பாறையின் நிழலில் என்பேன். ஆங்கிலேயர் 1783இல் பிடித்தார்கள், மறு ஆண்டு திருப்பிக் கொடுத்தார்கள், 1790இல் மீண்டும் பிடித்தார்கள், 1792 உடன்படிக்கையில் தமதாக்கிக்கொண்டார்கள். விருப்பாச்சி கோபால நாயக்கரை 1801இல் தூக்கிலிட்ட இடம் கோபாலசமுத்திரக் குளக்கரை என்று ஊர் நினைவு வைத்திருக்கிறது. வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்த பாளையம் அவருடையது.

இவையெல்லாம் ஆங்கிலேய அதிகாரிகளான நெல்சன் 1868இலும் பிரான்சிஸ் 1906இலும் எழுதிய நூல்களிலிருந்து இன்றைய ஆய்வேடுகள் வரை திரும்பத் திரும்ப வருகின்றன. பேராசிரியர் கே. ராஜய்யன், கோபால நாயக்கர் பங்கேற்ற தென்னாட்டுக் கிளர்ச்சியை ஆவணங்களோடு நிறுவினார். அவருக்கு நாம் பட்ட கடன் பெரிது. ஆனால் ஒரு கேள்வி அப்படியே நிற்கிறது. இந்தக் கோட்டைக்கு அரிசி சுமந்தது யார்? விறகு, வெடிமருந்து, குண்டு இவற்றைத் தலையில் வைத்துக்கொண்டு வழுக்குப் பாறையில் செதுக்கிய படிகளில் ஏறியது யார்? அவர்களுடைய தெரு எது? பேரப்பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? ஹைதரின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் பெயரால் வழங்கும் பேகம்பூரில், நாகல்நகர் சௌராஷ்டிரர் வீடுகளில், தோல் ஷாப்புத் தெருக்களில் இந்தக் கேள்வியோடு போய் உட்கார்ந்தவர் மிகச் சிலர்.

மலை உச்சியில் ஒரு கோயில் இருக்கிறது. கருவறைக்குள் போய்ப் பார்த்திருக்கிறேன். தூண் இருக்கிறது, கல்லில் பூவேலை இருக்கிறது, சாமி நிற்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. வாசலில் நின்றால் காற்றுச் சத்தம் மட்டும். அபிராமி அம்மன் கீழே ஊருக்குள் இருக்கிறாள். எப்போது இறங்கினாள், யார் இறக்கினார்கள் என்பதற்குக் கதைகள் பல. கதை எதுவானாலும் அம்மனும் ஜனம் இருக்கும் இடத்துக்கே வந்துவிட்டாள்.

கீழே இறங்கினால் பூட்டுப் பட்டறை. ஒரு பெரியவர் மாங்காய்ப் பூட்டுக்குச் சாவி ராவிக்கொண்டிருந்ததை ஒரு முழுக் காலைப்பொழுதும் பார்த்துக்கொண்டிருந்தேன். அரத்தை நாலு இழுப்பு இழுப்பார், சாவியைப் போட்டுக் காதருகே வைத்துத் திருப்புவார், மறுபடி ஒரே ஓர் இழுப்பு. அளவுகோல் என்று எதுவும் பக்கத்தில் இல்லை. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது மகிழ்ந்தோம். அந்தக் காதும் கையும் படித்த பாடம் எந்த ஏட்டில் பதிவாகியிருக்கிறது? அவருக்குப் பின்னால் அந்த மணையில் உட்கார ஆள் இல்லை.

தண்ணீருக்கு வருகிறேன். ஆத்தூர் காமராஜர் அணை வற்றிய கோடைகளில் எங்கள் தெருக் குழாயடியில் குடங்கள் ராத்திரியே வரிசையில் நிற்கும். என் அம்மா குடத்துக்குப் பதில் சில நாள் ஒரு கல்லை வைத்துவிட்டு வருவாள். அந்தக் கல்லுக்கும் மரியாதை இருந்தது, யாரும் நகர்த்த மாட்டார்கள். அந்த வரிசையின் சட்டங்களை யார் வகுத்தார்கள், சண்டையை யார் தீர்த்தார்கள் என்பதும் நகர வரலாறுதான். நாயக்கர் காலத்துக் குளங்களைத் தேடும் ஆய்வாளர் அந்தக் குழாயடியையும் தேட வேண்டும். அன்று வரிசையில் நின்றவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். எண்பது வயதுக்காரரிடம் கேட்பதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போட முடியாது.

ஆகவே இந்தக் கருத்தரங்கின் அமர்வு வரிசையைச் சற்று மாற்றி அமைக்கும்படி அமைப்பாளர்களைக் கேட்டேன், ஏற்றுக்கொண்டார்கள். குடகனாற்றைப் பற்றிய கட்டுரை முதலில், கோட்டை அதற்குப் பிறகு. இரண்டாம் நாள் பிற்பகல் முழுவதும் ஊர்ப் பெரியவர்களுக்கு. அவர்கள் பேசும்போது குறிப்பெடுங்கள், குறுக்கே திருத்த வேண்டாம்.

நாளைக் காலை வெயில் ஏறுமுன் எல்லோரும் மலைக்குப் போகிறோம். வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு பாட்டில் எடுத்து வாருங்கள். மேலே குடிக்கத் தண்ணீர் கிடையாது.