ஜெர்மன் மொழியில் தங்கிய நம்மவர் மடல்கள்



பத்தாண்டுகளாகக் கீரப்பாளையத்தில் தமிழ் வளர்த்துவரும் உங்கள் முன்னே, பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் பயில்வது பற்றிப் பேச நிற்கிறேன். 'வட்டத்தைவிட்டு வெளியே போகிறாரே' என்று சிலர் புன்னகைப்பது தெரிகிறது. நெடுந்தொலைவு போகவில்லை, கொள்ளிடம் தாண்டித் தரங்கம்பாடி வரைதான்.

1706 ஜூலைத் திங்களில் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு, பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். அவருடைய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலே நகரில் அச்சாயிற்று. இவை நீங்கள் அறிந்தவை.

நான் சொல்ல வந்தது வேறு. 1712 முதல் 1714 வரை அவரும் அவருடைய துணைவர் கிருண்ட்லரும், கற்றறிந்த தமிழர் பலருக்குக் கேள்விகள் எழுதியனுப்பினர். வழிபாடு, திருமணம், கல்வி எனப் பலவற்றைப் பற்றி நம்மவர் மறுமொழி விடுத்தனர். அவற்றுள் தொண்ணூற்றொன்பது மடல்கள் ஜெர்மனில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் வெளியாயின. தமிழ் மூலங்களோ நமக்குக் கிடைக்கவில்லை. அரசவைப் புலவரல்லாத தமிழர், முந்நூறு ஆண்டுகளுக்கு முன் தம் வாழ்வைத் தாமே எடுத்துரைத்த உரைநடை அது! இன்று அயல்மொழி ஆடையில்தான் நிற்கிறது. சமயம் பரப்ப வந்தவர்கள் மறுத்துரைக்கும் நோக்கிலும் கேட்டிருக்கலாம். ஆயினும் விடைகளை எறிந்துவிடவில்லை. அந்த அளவில் நாம் அவர்களுக்குக் கடன்பட்டவர்களே.

இம்மடல்களைப் படிக்க மொழி மட்டும் போதாது. தலைப்பிலேயே 'மலபாரி' என்றிருக்கும். வரலாறு அறியாதவர் கேரளத்தார் என்று கொள்வர். அந்நாளைய ஐரோப்பியர் தமிழரையே அப்படி அழைத்தனர். எழுத்துருவும் பழையது, சொல்லாட்சியும் பழையது. ஹாலேயின் பக்தி இயக்கத்தை அறியாமல் பெயர்ப்பாளரின் குறிப்புகள் விளங்கா. ஆகவேதான் மொழியோடு வரலாறும் பண்பாடும் சேர்த்துக் கற்கவேண்டும் என்கிறேன்.

குறளை 1856இல் ஜெர்மனில் தந்த கார்ல் கிரௌலைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

மடல்களின் ஆங்கிலப் பெயர்ப்பு 2013இல் வெளிவந்தது, நல்ல பணி. ஆனால் அதைத் தமிழாக்கினால், நம் பாட்டன் சொல் மும்முறை கைமாறியல்லவா வீடு திரும்பும்? ஒரு மடலையேனும் ஜெர்மனிலிருந்து நேரே பெயர்க்க முன்வரும் இளங்கவிஞர் இங்கே இருப்பின், மேசைமேல் வைத்துள்ள என் அகராதியை இன்றே எடுத்துச் செல்லலாம்.