கேட்கும் பணிவும் திறந்த கதவும்



வெற்றி என்றவுடன் ஒருவருடைய கூரிய மதியையே உலகம் எண்ணுகின்றது. மதி ஒன்றே எச்செயலையும் முடித்துவிடுவதில்லை. நாள்தோறும் பயின்று பழக்கமாகிவிட்ட பண்புகளே ஒருவரையும் அவரோடு சேர்ந்து உழைப்போரையும் உயர்த்துகின்றன. சீவக சிந்தாமணி அச்சேறிய வரலாறு இதற்கு நல்ல சான்று.

1880ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியேற்றவர் உ. வே. சாமிநாதையர். அவ்வூரில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், அவர் கற்ற நூல்கள் யாவை என வினவினார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை எனப் பலவற்றை ஐயர் அடுக்கியும் முதலியார் நிறைவுறவில்லை. பழந்தமிழ் நூல்களைப் பயிலத் தூண்டிச் சிந்தாமணிப் பிரதி ஒன்றையும் அளித்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் முறையாகப் பயின்ற ஐயருக்கும் அந்நூல் எளிதில் வசப்படவில்லை. செய்யுளின் சொற்பொருள் விளங்கிய இடத்தும் சைன சமயக் கருத்து விளங்கவில்லை.

தெரியாததை மறைத்து உரைநயம் கூறி ஒப்பேற்றியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. அவ்வூர்ச் சைனர்களைத் தேடி, வீடூர் அப்பாசாமி நயினார் இல்லத்தை அடைந்தார். அங்கே ஆறு மாதமாகச் சிந்தாமணி படிக்கப்பெற்று நிறைவுறும் விழா நடந்துகொண்டிருந்தது. அறிஞர் பலரும் அரிதென விலகிய நூல், ஓர் இல்லத்தில் வழிபாட்டு நூலாக வாழ்ந்து வந்தது. அப்பாசாமி நயினாரும் சந்திரநாதச் செட்டியார் முதலிய சைன அன்பர்களும் ஐயரை வேற்றுச் சமயத்தவர் என விலக்கவில்லை. அவர் கேட்ட ஐயங்களையெல்லாம் பொறுமையுடன் தீர்த்து வைத்தனர்.

இவ்வாறு அமைந்த குழுவை எவரும் நியமிக்கவில்லை. ஒருவரிடம் கேட்கும் பணிவு இருந்தது. மற்றவரிடம் கற்றதைப் பகிரும் உள்ளம் இருந்தது. தூண்டியவர், விளக்கியவர், ஏடு உதவியவர், பொருள் உதவியவர் எனப் பலர் துணை நின்றனர். ஐயரோ கல்லூரிப் பணிக்கிடையே ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் குறித்தார். ஏழாண்டு உழைப்பின் பயனாக, 13 இலம்பகங்களும் மூவாயிரத்திற்கு மேற்பட்ட செய்யுட்களும் கொண்ட அக்காப்பியம் நச்சினார்க்கினியர் உரையுடன் 1887இல் வெளிவந்தது. வெளிவந்த பின்னும் அவர் திருத்தம் செய்வதை நிறுத்தாமல், அடுத்த பதிப்பை மேலும் செம்மைப்படுத்தினார்.

நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகள் வீடுபேற்றிற்கு ஓதப்பட்டவை. எனினும் உலகியற் செயல்களிலும் அவற்றின் சாயலைக் காணலாம். தன் குறையை உள்ளவாறு காண்பதும், அறிந்தாரை அடுத்துத் தெளிவதும், எடுத்த பணியை நாள்தோறும் வழுவாது செய்வதும் அத்தகையன. பிறர் கூற்றிலும் ஒரு பகுதி உண்மை இருத்தல் கூடும் எனக் கொள்ளும் அநேகாந்த நோக்கே, பலர் கூடிச் செய்யும் பணியில் பிளவைத் தடுக்கின்றது.

இன்றும் அத்தகைய ஓர் ஆசிரியர் சிந்தாமணிக்குப் பொருள் கேட்டு நம் தெருவிற்கு வரக்கூடும். அவருக்கு எந்த வீட்டைக் காட்டுவது? நூலை அச்சு காத்துவிட்டது. அதைப் படித்துப் பொருள் கூறும் பழக்கத்தை மனிதரே காக்க வேண்டும். பாட்டன் பாட்டியர் அறிந்த விரிவான பொருளைப் பேரப்பிள்ளைகள் கேட்டுக்கொள்ளாவிடில், ஒரு தலைமுறைக்குள் அது மறைந்துவிடும்.

ஆகவே வாரம் ஒரு மாலை, ஒரு நாழிகை, வீட்டிலுள்ள அனைவரும் அமர்ந்து பத்துச் செய்யுட்களையேனும் படிக்கலாம். பொருள் விளங்காத இடத்தைக் குறித்து வைத்து, அறிந்தவரிடம் கேட்கலாம். அண்டை வீட்டார் ஆர்வத்துடன் வந்தால் அவர்க்கும் இடமளிக்கலாம். இவ்விழா நாளில் ஓர் இல்லம் தொடங்கினும் போதும். கும்பகோணத்திலும் தொடக்கம் ஓர் இல்லமே.

வாழ்க அறம்! வளர்க தமிழ்!